யாருமே தொடாத கார்

“ஒரிஜினல் சாமானைக் கழட்டி எங்க வெச்சிருக்கீங்க பாய்? அதை மட்டும் சொல்லிப்போடுங்க, நான் பேசாம போயிர்றேன்.”

“கவுண்டரே, பார்த்துப் பேசுங்க. கழட்டுனதைப் பூராவும் உங்க கண்ணு முன்னாடிதானுங்க திருப்பி மாட்டுனேன்.”

“மாட்டுனது ஒரிஜினலா, பழைய இரும்புக் கடைச் சாமானான்னு என்ற கண்ணுக்குத் தெரியுமாங்க?”

“அப்பறம் எதுக்குங்க அத்தன நேரம் குனிஞ்சு பார்த்துட்டு நின்னீங்க?”

“மரியாதையாப் பேசுங்க பாய்!”

“நான் மரியாதையாத்தானுங்க பேசறேன். திருடன்னு சொன்னது நீங்கதானுங்க!”

எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடிக்கப் போகிறவன்கூட ஒரு ‘ங்க’ போட்டுவிட்டுத்தான் பிடிப்பான். அதனால் சத்தத்தை வைத்துத்தான் சண்டையா, விசாரிப்பா என்று கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்குச் சத்தம் எங்கள் வீட்டுச் சமையலறைவரை கேட்டது. நான் கோலப்பொடி டப்பாவோடு வாசலில் நின்றிருந்தேன். கோலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் இப்படியொரு சண்டை நடக்கும்போது இன்னும் நாலு இதழ் சேர்த்துப் போடுவதில் தப்பில்லை.

சண்டை பக்கத்து வீட்டு நஞ்சுண்டனுக்கும் மெக்கானிக் அமீர் ஹம்சாவுக்கும். நடுவில் வாயைப் பிளந்தபடி, பானெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது நஞ்சுண்டனின் ஜப்பான் கார்.

நஞ்சுண்டன் பீளமேட்டில் பம்புசெட்டுக்கு வார்ப்படம் வார்க்கிற பட்டறை வைத்திருந்தார். கார் அவர் வாங்கியதில்லை. மச்சினன் சிங்கப்பூரிலிருந்து மூட்டை முடிச்சோடு திரும்பியபோது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. மச்சினன் மறுபடி அக்கரைக்கே போய்விட, கார் அக்காள் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. தொண்ணூற்றைந்தில் அது ஏற்கெனவே பத்து வயசு தாண்டிய கிழம். ஆனால் தெருவில் அதற்கு இருந்த மரியாதை வேறு. அதில் கார்புரேட்டரே கிடையாதாம். பெட்ரோலை ஊசி போடுகிற மாதிரி எஞ்சினுக்குள் பீய்ச்சி அடிக்குமாம். எவ்வளவு பீய்ச்சுவது என்று சொல்ல சீட்டுக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறதாம். நஞ்சுண்டன் இதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்ன விதத்தைப் பார்த்தால், பெட்டியை அவரே வார்த்த மாதிரி இருக்கும்.

அந்தக் காரைத் தொட ஊரில் ஆள் இல்லை, அமீர் ஹம்சாவைத் தவிர. துபாயில் இப்படிப்பட்ட கார்களிலேயே புழங்கிவிட்டு வந்தவர். தெருக்கோடியில் நஞ்சுண்டனுக்குச் சொந்தமான தகர ஷெட்டைத்தான் வாடகைக்குப் பிடித்து, தரையில் குழி வெட்டி, கண்ணாடி அலமாரியில் வெளிநாட்டு ஸ்பேனர்களைச் சாமி படம் மாதிரி வரிசையாக மாட்டி வைத்திருந்தார். ஆளுக்குக் கொஞ்சம் மிடுக்கு உண்டு. உள்ளூர்க் காரைக் கொண்டுபோனால், “இதையெல்லாம் எங்கியாவது பார்த்துக்கங்க” என்பது போல ஒரு பார்வை பார்ப்பார்.

நோய் ஆரம்பித்தது சித்திரையில். சனிக்கிழமை காலையில் நஞ்சுண்டன் பொள்ளாச்சியில் இருக்கும் தன் தோப்புக்குப் போவார். சாவியைத் திருப்பினால் கிர்ர்ர் என்று சுற்றும், பிடிக்காது. பிடித்தாலும் குளிர்காய்ச்சல் வந்த எருமை மாதிரி உதறும். கொஞ்சம் வேகம் கொடுத்தால் டப்பென்று ஒரு வெடி. அமீர் ஹம்சா வருவார். சாவியைப் பாதி திருப்பச் சொல்லி, பின்சீட்டில் காதை வைத்துப் பெட்ரோல் பம்பு முனகுகிறதா என்று கேட்பார். நீள ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, பீய்ச்சுகிற ஊசிகள் ஒவ்வொன்றும் டிக் டிக் என்று அடிக்கிறதா என்று பார்ப்பார். தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு நிமிர்ந்து நோயின் பெயரைச் சொல்லுவார். மத்தியானம் வண்டி பூனைக்குட்டி மாதிரி ஓடும்.

முதல் தடவை பெட்ரோல் பில்டர் அடைப்பு என்றார். அடுத்த சனிக்கிழமை, காற்றுக் குழாயில் கீறல், கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் காற்று நுழைகிறது என்றார். அதற்கப்புறம் எஞ்சின் சூட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லுகிற ஏதோ ஒரு மூக்கு மாதிரியான சாமான். ஒவ்வொரு தடவையும் சரியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அடுத்த சனிக்கிழமை படுத்துக்கொண்டது.

இதில்தான் நஞ்சுண்டனுக்குச் சந்தேகம் முளைத்தது. முளைக்காமல் இருக்குமா? டாக்டர் வாரம் ஒரு வியாதி சொன்னால் யாருக்குமே ஒரு மாதிரித்தான் இருக்கும். அதுவும் மற்ற நாளில் ஓடுகிற வண்டி, அவர் பொள்ளாச்சி போகிற நாளில் மட்டும் படுப்பானேன்? வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் யாரோ எதையோ செய்கிறார்கள். நல்ல சாமானைக் கழற்றி வேறு வெளிநாட்டுக் காருக்குப் போட்டுவிட்டு, சொத்தையை இதில் மாட்டியிருக்கிறார்கள். இதை அவர் முதலில் மனைவியிடம் சொன்னார், அப்புறம் என் வீட்டுக்காரரிடம் சொன்னார், அப்புறம் டீக்கடையில் சொன்னார். அமீர் ஹம்சாவிடம் சொன்னது கடைசியில். அதுதான் நான் கோலம் போட்ட அன்றைக்கு நடந்தது.

“திங்கக்கிழமைக்குள்ள ஷெட்டைக் காலி பண்ணிப்போடுங்க பாய்” என்றார் நஞ்சுண்டன்.

அமீர் ஹம்சாவின் முகத்தில் இருந்த மிடுக்கு அப்படியே வடிந்துபோயிற்று. ஷெட் போனால் இன்னொரு ஷெட். ஆனால் சாமான் மாற்றுகிறவன் என்று பேர் விழுந்த மெக்கானிக்கிடம் எவன் வெளிநாட்டுக் காரை விடுவான்? ஷெட்டில் வெட்டின குழியைவிட ஆழமாக வெட்டிவிட்டார் நஞ்சுண்டன்.

எதிர்வீட்டு சீனிவாசலு நாயுடு பனியனோடு இறங்கி வந்தார். மில்லில் சூபர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சாயத்துக்கு யாரும் கூப்பிடாமலேயே வருகிற பெருந்தன்மை உண்டு.

“ரெண்டு பேரும் நிறுத்துங்க. நஞ்சுண்டா, வண்டியை உன்ற ஊட்டு போர்ட்டிகோவுல வெச்சுக் கேட்டைப் பூட்டு. சாவி உன்ற இடுப்புல. பாய் இந்த வாரம் கிட்டக்கூட வரக் கூடாது. அடுத்த சனிக்கிழமை வண்டி கிளம்பிருச்சுன்னா பாய் காலி பண்ணட்டும். கிளம்பலீன்னா நீ வாயை மூடிக்கோணும். செரிதானுங்களா பாய்?”

“செரிங்க” என்றார் அமீர் ஹம்சா.

“என்ற வண்டி கிளம்பாம எங்க போகுது?” என்றார் நஞ்சுண்டன்.

அந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் சரியாகச் சமைக்கவில்லை என்று நினைக்கிறேன். எல்லோரும் அந்தக் கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். செவ்வாய், புதன், வியாழன், கார் அழகாக ஓடியது. பட்டறைக்கு ஸ்கூட்டரில் போகிற மனிதர் வேலை மெனக்கெட்டுக் காரில் போனார். ஷெட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, தேவையே இல்லாமல் ஒரு ஹாரன் வேறு. அமீர் ஹம்சா உள்ளே எதையோ தேய்த்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. அவர் மனைவி சாஜிதா பேகம் பால் பூத்தில் என்னைப் பார்த்து, “நெசமாவே இவருதான் எதையோ மாத்திட்டாரோன்னு எனக்கே பயமா இருக்குக்கா” என்று சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். சந்தேகம் என்றால் அப்படித்தான், கட்டினவளைக்கூட விடாது.

சனிக்கிழமை விடிந்தது. நஞ்சுண்டன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்தார். நாயுடு சாட்சிக்கு கேட்டருகே நின்றார். சாவி திரும்பியது.

கிர்ர்ர். கிர்ர்ர். கிர்ர்ர்.

ஒருதரம் பிடித்தது, உதறியது, டப்பென்று வெடித்து அணைந்தது.

“முடிஞ்சுதா?” என்றார் நாயுடு.

நஞ்சுண்டன் மெதுவாக இறங்கினார். வாயை மூடிக்கொள்வார் என்றுதானே பேச்சு? அவர் போர்ட்டிகோவைச் சுற்றிப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், கடைசியில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற மதிலைப் பார்த்தார். “பாய் வரலீங்க, செரி. ஆளு வெச்சுச் செஞ்சிருக்கலாமில்லீங்க? இந்த மதில் ஒண்ணும் அத்தன ஒசரமில்லீங்களே” என்றார்.

மதிலுக்கு இந்தப் பக்கம் இருப்பது நானும் என் வீட்டுக்காரரும்தான். என் வீட்டுக்காரருக்கு மூட்டுவலி, பஸ் படியே ஏற மாட்டார். அதுவரை நான் வேடிக்கை பார்த்தவள்தான். இனிமேல் சும்மா இருக்க முடியுமா?

அன்று பத்து மணிக்கு நஞ்சுண்டனின் மனைவி சின்னாத்தாளிடம் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போனேன். “ஏனுங்க அக்கா, காரை யாருதான் தொட்டாங்க?”

“அட ஒருத்தருமே தொடலைங்க ராமாமணி. இவரு சாவியை இடுப்புலயே முடிஞ்சுட்டுத் தூங்கறாருங்க. என்ற புள்ளை லோகப்பிரியா உள்ள வெச்ச குடையை எடுக்கக்கூட விடலைங்க. நேத்துச் சாயங்காலம் பூசைக்கு மட்டும் பானெட்டைத் தொறந்து உட்டாரு, அவ்வளவுதானுங்க.”

“அவரு பக்கத்துலயே நின்னாருங்களா?”

“நின்னாருங்க. கும்பிட்டாருங்க. யாருமே தொடலைங்க.”

அந்தப் பூசையை நானும்தான் மதில் மேலாகப் பார்த்திருந்தேன். நோய் வருவதற்கு முன்னாலேயே, வண்டிக்குக் கண்ணேறு பட்டுவிடும் என்று யாரோ சொன்னவுடன் சின்னாத்தாள் கொடுமுடிக்குப் போய், காவிரித் தீர்த்தமும் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காப்பும் கொண்டுவந்தாள். முடிச்சை எஞ்சினுக்குள்ளே, கறுப்பாக ஒரு கிண்ணமும் அதிலிருந்து கிளம்புகிற ஒயர்களும் இருக்கிற இடத்தில் கட்டினாள். வெள்ளிக்கிழமை தோறும் அங்கேதான் குங்குமம், அங்கேதான் கற்பூரம், அங்கேதான் தீர்த்தம். வண்டி படுக்கப் படுக்கத் தீர்த்தமும் கூடிக்கொண்டே போனது. இந்த வாரம் பூராவும் கார் ஓடியதில், சாமி வழக்கில் ஜெயிக்க வைத்துவிட்டது என்கிற சந்தோஷத்தில் சொம்பு நிறைய.

அதைத்தான் சாயங்காலம் சாஜிதாவிடம் போய்ப் புலம்பினேன். கார் விஷயமாக இல்லை. என் வயிற்றெரிச்சல் வேறு.

“என்ற வீட்டுக்காரரு மூட்டுல தடவலாமுன்னு துளி தீர்த்தம் கேட்டேன் சாஜிதா. பாட்டில் மூடியில ஊத்திக் குடுக்கறா. காருக்கு மட்டும் சொம்பு சொம்பா ஊத்தறா, கொழந்தைக்குத் தலைக்கு ஊத்தற மாதிரி.”

சாஜிதா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. “எது மேலக்கா ஊத்துறாங்க?”

“அந்தக் கறுப்புக் கிண்ணம் மேலதான். மஞ்சத்துணி கட்டியிருக்குதே.”

“ஏனுங்க!” என்று உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், அமீர் ஹம்சா டீத் தம்ளரோடு ஓடி வந்தார். சாஜிதா சொன்னாள். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“கரண்டு பிரிஞ்சு ஒவ்வொரு பிளக்குக்கும் போறதே அந்த மூடிக்குள்ளதானே” என்றார். “ஈரம் பட்டா நெருப்பு எப்படிப் பிடிக்கும்? மத்தியானம் வெயில்ல காஞ்சுரும். நான் என்னமோ நோண்டிச் செரி பண்ணுன மாதிரி ஆயிரும்.”

“அதை நீங்க தொறந்தே பார்க்கலியா?” என்றாள் சாஜிதா.

“எப்படித் தொறக்கறது? முதல் நாளே அதை அவுக்கலாமாங்கன்னு கேட்டேன். ‘ஐயோ தொடாதீங்க பாய்’ன்னாங்க அந்தக்கா. அவங்க சாமி முடிச்சு. நான் போய் அதுல கை வெப்பனா? அதைச் சுத்தி எல்லாத்தையும் பார்த்தேன். அதுவும் கம்ப்யூட்டர் வண்டி, கோளாறு கம்ப்யூட்டர் பக்கமாத்தான் இருக்குமுன்னு நெனச்சுட்டேன்.”

எனக்கும் ஞாபகம் வந்தது. அந்த முடிச்சுப் பக்கம் கை போனால், சுடு பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். குங்குமம் கலையாமல் ஸ்பேனர் போடுகிற மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

“போய்ச் சொல்லுங்க இப்பவே” என்றாள் சாஜிதா.

“சொல்ல மாட்டேன்.”

“என்ன பேசறீங்க? பேரு போகுது.”

“கொடுமுடித் தீர்த்தத்தால வண்டி கெட்டுதுன்னு நான் சொல்றதா? ஊரு இருக்கற இருப்புல? அது நாளைக்குத் தெருவெல்லாம் எப்படிப் போகும்?” தெருவெல்லாம் என்றபோது அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

“அப்ப நான் வாரேன்” என்று சாஜிதா முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் இருவரும் நஞ்சுண்டன் வீட்டுக்குப் போனார்கள். எனக்கும் கறிவேப்பிலை தீர்ந்திருந்தது.

நஞ்சுண்டன் பானெட்டைத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அமீர் ஹம்சா அவரைப் பார்க்கவே இல்லை. நேரே சின்னாத்தாளிடம் போனார்.

“அக்கா, ஒரு சந்தேகமுங்க. சாமியை இந்த எடத்துல வெச்சிருக்கீங்க. வண்டி ஓடும்போது இங்க கை வெக்க முடியாதுங்க, அத்தன சூடு. எண்ணெய்ப் பிசுக்கு, புகை வேற. நாம குடிக்கற தண்ணியைக்கூட இங்க வெக்க மாட்டோமுங்க.”

சின்னாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

“முன்னாடி கண்ணாடிக்குக் கீழ வெச்சீங்கன்னா குளுகுளுன்னு இருக்குமுங்க” என்றார் அவர். “ரோட்டையும் பார்த்துக்குமுங்க.”

“நானுந்தான் சொல்றேனுங்க அக்கா” என்று சாஜிதா சேர்ந்துகொண்டாள். “தீர்த்தத்தை வண்டிக்கு முன்னால டயருக்கு ஊத்திக்கலாமில்லீங்க.”

சின்னாத்தாளின் கை கன்னத்துக்குப் போனது. “ஐயையோ! இத்தன நாளா சாமியை அடுப்புக்குள்ளயா ஒக்கார வெச்சிருக்கேன்! அதான் கோவிச்சுட்டு வண்டியை நிறுத்திப்போட்டுது. ஏனுங்க பாய், அப்பவே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?”

“கேக்கக் கொஞ்சம் சங்கடமா இருந்துதுங்க.”

“இதுலென்ன சங்கடமுங்க? தள்ளுங்க அக்கட்டால.” அவளே முடிச்சை அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, முன்சீட்டுப் பக்கம் கொண்டுபோனாள்.

அமீர் ஹம்சா அதற்கப்புறம்தான் அந்தக் கறுப்பு மூடியில் கை வைத்தார். இரண்டு பக்கமும் நெம்பிக் கழற்றி, உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கோயில் குங்குமத் தட்டு மாதிரி இருந்தது. மஞ்சளும் சிவப்புமாகச் சேறு, ஓரத்தில் தண்ணீர் முத்து முத்தாக. செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. ஒரு அட்சதை அரிசிகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

நஞ்சுண்டன் பம்புக்காரர். கரண்டும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவர். அவர் மூடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கற்பூரத்துக்குக் கும்பிட்டபடி தான் நின்ற இடத்தையும் பார்த்தார்.

அமீர் ஹம்சா பெட்ரோலில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தார், பழந்துணியால் துடைத்தார், உப்புத்தாள் போட்டுச் செம்பைப் பளபளப்பாக்கினார், ஒயர்களின் ரப்பர் முனைகளை ஒவ்வொன்றாக ஊதி மாட்டினார். “சாவியைப் போடுங்க கவுண்டரே.”

தொட்டவுடன் பிடித்தது. உதறல் இல்லை, வெடி இல்லை. சின்னாத்தாள் முன்சீட்டில் இருந்த முடிச்சைப் பார்த்துக் கும்பிட்டாள்.

இந்த இடத்தில் நஞ்சுண்டன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் அதற்காகத்தான் நின்றோம். சத்தம் கேட்டு வந்து நின்ற நாயுடுகூடத் தொண்டையைச் செருமிக் காட்டினார். நஞ்சுண்டன் எஞ்சினைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நல்லா ஓடுதுங்க பாய். ஆனா… இந்த மூடி ஒரிஜினல்தானுங்களே?”

அமீர் ஹம்சா துணியை நாலாக மடித்தார். “ஒரிஜினல்தானுங்க. இன்னைக்குத்தானுங்க நான் அதைத் தொடறேன்.”

பிறகு பையை எடுத்துக்கொண்டு, “நாளைக்கு ஷெட்டைக் காலி பண்ணிப்போடறேனுங்க” என்றார்.

“அட, அதான் தெரிஞ்சு போச்சுங்களே. இருங்க பாய். இப்ப நான் போகச் சொல்லலீங்களே!”

“நீங்க சொன்னதுக்காக இல்லீங்க. உங்க ஷெட்டுல ஒரு ஸ்பேனர் கீழ விழுந்தாலும் நீங்க எந்திரிச்சு வந்து எண்ணிப் பார்ப்பீங்க. எனக்குக் கை ஓடாதுங்க.”

கண்ணாடி அலமாரி வண்டியில் ஏறிப்போனதை நான் பார்த்தேன். சாஜிதா என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாரேனுங்க ராமாமணிக்கா, வாயை மட்டும் பத்திரமா வெச்சுக்கங்க” என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு இன்னமும் புரியவில்லை. நான் வாயைத் திறந்ததால்தானே காரே ஓடியது?

போத்தனூர்ப் பக்கம் அவர் போட்ட கடை நன்றாகவே ஓடியது. அடுத்த வருஷம் அவர் மகள் ரூபினாவின் கல்யாணத்துக்கு எங்கள் தெருவுக்கு வீடு வீடாக வந்து பத்திரிகை வைத்தார், நஞ்சுண்டன் வீடு உட்பட. மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். நஞ்சுண்டனும் சின்னாத்தாளும் போனார்கள், பஸ்ஸில். கார் இருக்கும்போது ஏன் பஸ் என்று கேட்டேன். “மண்டபத்து வாசல்ல நிறுத்துனா பூராவும் மெக்கானிக்குகளுங்க, அப்பறம் எதையாவது…” என்று ஆரம்பித்தவர், மனைவி பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

லோகப்பிரியாவை ஈரோட்டில் கொடுத்தார்கள். மஞ்சள் மண்டிக் குடும்பம், நல்ல இடம். காரைப் பொள்ளாச்சியில் ஒரு கொப்பரை வியாபாரி வாங்கிக்கொண்டு போய், கம்ப்யூட்டரெல்லாம் நமக்கெதற்கு என்று டீசல் எஞ்சினை மாற்றிப் போட்டுவிட்டார். நாயுடு ஓசூரில் மகனோடு இருக்கப் போய்விட்டார், அதனால் இப்போது தெருவில் சண்டை வந்தால் தீர்க்க ஆளில்லை. ஷெட்டில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கிற ஒருவர் குடிவந்திருக்கிறார். கல்யாணம் ஆனவர் என்கிறார், மனைவியை மட்டும் இதுவரை யாரும் பார்க்கவில்லை.